நெறிகட்டும் காலும் நாற்காலியும்: மூக்கண்டப்பள்ளித் தொழிற்சூழலில் நிணநீர் வீக்கப் பராமரிப்பு

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டும்' என்பது மருத்துவம் படிக்காதவர்களும் அறிந்த செய்தி. நோய் செல்லும் வழியையே இச்சொல் காட்டிவிடுகிறது: தோலில் தொடங்கியது நிணநீர்க் குழாய் வழியே ஏறி நிணக்கணுவை எட்டுகிறது. 'யானைக்கால்' என்ற பெயரோ நோய் முற்றியபின் தெரியும் உருவத்தைச் சொல்கிறது. ஓசூர் எல்லையில் வழங்கும் கன்னட 'ஆனெகாலு', வடமாநிலத் தொழிலாளர் சொல்லும் 'ஹாத்திபாவ்' ஆகியனவும் அப்படியே. இயற்கை மருத்துவம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இரண்டாம் பெயரின் பின்னே போய், வீங்கிய காலை வற்றவைக்கும் மூலிகை எது என்று தேடுகிறது. முதற்சொல்லின் பின்னே போனால் கழுவுதல், அசைதல், காலை உயர்த்துதல் என்னும் எளிய செயல்களே சிகிச்சையின் நடுப்பகுதி என்பது விளங்கும். ஆனால் அவற்றைத் தனிமனிதப் பழக்கம் என்று சுருக்கிவிட முடியாது. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி போன்ற சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் அவை பணிச்சூழலைச் சார்ந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேங்குவது ஏன்?

இரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனி விசைக்கருவி இல்லை. குழாய்ச் சுவரின் சுருக்கம், கெண்டைத்தசையின் அசைவு, மூச்சின் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை மேலே செலுத்துகின்றன. கொசு பரப்பும் ஃபைலேரியா புழு, புற்றுநோய்க்காக நிணக்கணு அகற்றும் அறுவை, மிகுந்த உடற்பருமன் எனக் காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: புரதம் மிகுந்த நீர் தேங்கித் தோல் தடிக்கிறது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை நீரைக் குறைக்கும், புரதத்தை அகற்றாது. அதனால்தான் அது இங்கே நிலையான தீர்வாவதில்லை. தடித்த தோலின் வெடிப்பிலும் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணிலும் பாக்டீரியா நுழைந்தால் குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வலிக்கிறது. ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சிய குழாய்களைச் சிதைப்பதால் வீக்கம் ஒரு படி ஏறுகிறது. சேற்றில் இறங்காதவருக்கும் சேற்றுப்புண் வரும். வேலைநேரம் முழுதும் பாதுகாப்புக் காலணிக்குள் வியர்வையில் ஊறும் கால் போதும்.

சான்றுகள்

எத்தியோப்பியாவில் 696 நோயாளரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கால் கழுவுதல், களிம்பு, கட்டு, காலணி, பயிற்சி ஆகியவற்றாலேயே காய்ச்சல் தாக்குதல்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 2020இல் வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டு அணிந்தோரில் 15 விழுக்காட்டினருக்கும் அணியாதோரில் 40 விழுக்காட்டினருக்கும் காலில் தோல்தொற்று திரும்ப வந்தது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப்பின் கை வீங்கிய பெண்கள் எடை தூக்கக்கூடாது என்ற பழைய அச்சத்தை 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு தளர்த்தியது. படிப்படியான பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை.

நமக்கு அருகே, காசர்கோட்டின் பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் சோப்பால் கழுவுதல், ஆயுர்வேதக் கஷாயத்தில் ஊறவைத்தல், யோகம், மூச்சுப்பயிற்சி, அழுத்தக் கட்டு ஆகியவற்றை ஒருங்கே தருகிறது. இதில் பயன் கண்டதாக அந்நிறுவனம் வெளியிட்டவற்றுள், குல்பர்கா, ஆலப்புழை மாவட்டங்களில் நடந்த சமூகநிலை ஆய்வு சமவாய்ப்புப் பிரிப்பு இல்லாதது. எனவே பயனில் கஷாயத்தின் பங்கு எவ்வளவு, சோப்பின் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது. மூலிகையைப் புகழ்வோரும் பழிப்போரும் இந்த எல்லையை மறக்கலாகாது.

நாற்காலி உண்டு, நேரம்?

இம்முறைகளுக்கு வேண்டியவை தண்ணீர், இருக்கை, இடைவேளை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இம்மூன்றையும் பேசியது: 42ஆம் பிரிவில் கழுவும் வசதி, 44இல் நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை, 55இல் ஐந்து மணிநேரத்துக்கு மேற்படாத வேலைக்குப்பின் குறைந்தது அரைமணி ஓய்வு. 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இருக்கையை நலவசதிகளுள் வைக்கிறது. கடை ஊழியர்க்கு இருக்கையை உறுதிசெய்யும் திருத்தத்தைத் தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்தது.

குறை 44ஆம் பிரிவின் சொல்லமைப்பிலேயே இருந்தது. வேலையினிடையே ஓய்வுக்கு வாய்ப்பு 'நேரும்போது' உட்காரவே அது இருக்கை தந்தது. அவ்வாய்ப்பை உண்டாக்கச் சொல்லவில்லை. பாகங்கள் ஓயாது நகர்ந்துவரும் உற்பத்தி வரிசையில் வாய்ப்பு தானாக நேராது. பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே மாதம் திரும்பப்பெறப்பட்டது. அந்த விவாதம் கெண்டைத்தசையைப் பற்றியதும்கூட.

நின்று வேலைசெய்வோரின் கால்வீக்கம் பலவும் சிரை நோயே அன்றி நிணநீர் வீக்கம் அல்ல என மறுக்கலாம். மறுப்பு சரியே, ஆயினும் நாட்பட்ட சிரை நோய் நிணநீர்க் குழாய்களையும் மிகைச்சுமையால் தளர்த்துகிறது. எனவே நோய் கண்டறிதல் முதலில் வரவேண்டும். ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியையும், இரு கால்களும் வீங்கி மூச்சு வாங்கினால் இதயத்தையும் உடனே ஆராயவேண்டும். தமனி அடைப்பு உள்ளவருக்கு இறுக்கிய கட்டு காலுக்கே கேடாகலாம்.

மருத்துவர் எழுதும் 'காலை உயர்த்தி வைக்கவும்' என்ற வரி இன்று நோயாளியை மட்டுமே நோக்கிப் பேசுகிறது. எத்தனை மணிக்கொருமுறை, எத்தனை நிமிடம், எந்த இருக்கையில் என்று அது குறிப்பிடுமானால், உற்பத்தி வரிசையின் மேற்பார்வையாளரும் அதைப் படித்தாக வேண்டும்.