கேபெலான்

முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே சிறிது தூரம் போனால் கோவளம். அங்குள்ள கடற்கரை பற்றிய சுற்றுலாப் பிரசுரங்களில் 'டச்சுக் கோட்டை' என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. டச்சுக்காரர்களின் கோட்டை இன்னும் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில், பாதி இடிந்து நிற்கிறது. கோவளத்துக் கோட்டை ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கட்டியது. ஸாதத் பந்தர் என்று பெயர். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1752இல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தான். இதற்கெல்லாம் முன்னால் இங்கே பண்டகசாலை வைத்திருந்தவர்கள் ஆஸ்டெண்ட் கம்பெனியார். இன்று பெல்ஜியம் எனப்படும் பிரதேசத்து வணிகர்கள். கோவளம் அவர்கள் காகிதங்களில் கேபெலான்.

சரித்திரத்தை விளம்பரம் எழுதும்போது எந்தப் பெயர் விலைபோகும் என்பதே கேள்வி. 'டச்சு' என்ற சொல்லில் கோட்டையும் பீரங்கியும் தயாராக இருக்கின்றன. பெல்ஜியம் என்றால் நமக்குக் கண்ணாடி மட்டுமே. செட்டிநாட்டு வீடுகளில் ஆளுயரக் கண்ணாடியைக் காட்டி 'பெல்ஜியம்' என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு அது ஒரு தேசமல்ல, ஒரு தரம்.

ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு 1722இல் சாஸனம் கொடுத்தவர் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸ். மூலதனம் 60 லட்சம் கில்டர். 1723இல் ஆண்ட்வெர்ப்பில் பங்குகளை விற்பனைக்கு விட்டதும் பணக்காரர்கள் முண்டியடித்து வாங்கிவிட்டார்கள். லாபம் பிரதானமாகச் சீனத் தேயிலையில். லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இது பொறுக்கவில்லை. கப்பல்களோடு நின்றிருந்தால் இது சாதாரண வணிகப் பகை. ஆனால் துண்டுப் பிரசுரங்களும் கிளம்பின. டச்சுக் கம்பெனியின் உரிமைக்காக வாதாடி பார்பெராக் என்ற சட்ட அறிஞரே 1725இல் ஒரு நூல் எழுதினார். எதிர்த்தரப்பும் மறுப்பு அச்சிட்டது. கிழக்குக் கடலில் யார் வியாபாரம் செய்யலாம் என்பதை ஐரோப்பாவின் அச்சகங்கள் விவாதித்தன. இந்தக் கரையில் துணி நெய்தவனுக்கு இந்த விவாதம் ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. மகள் மரியா தெரேஸாவின் பட்டத்துரிமையைப் பிற அரசுகள் அங்கீகரிக்க வேண்டுமென்ற கவலையில் சக்கரவர்த்தி 1727இல் கம்பெனியை நிறுத்திவைத்தார். 1731இல் அது ஒழிந்தது. ஒரு பெண்ணின் வாரிசுரிமைக்குக் கேபெலான் விலையாயிற்று.

பெல்ஜியம் தனி நாடானது 1830இல்தான். ஆனாலும், விளம்பரதாரனின் கண்ணுக்கு அப்படி ஒரு நாடு இன்றும் இல்லை. வடக்கே ஃப்ளாண்டர்ஸ், டச்சு பேசுவது. தெற்கே வல்லோனியா, பிரெஞ்சு. கிழக்கோரத்தில் கொஞ்சம் ஜெர்மன். பிரஸ்ஸல்ஸில் இரண்டும் கலந்து. 1960இலேயே அரசு ஒலிபரப்பு மொழிவாரியாகப் பிரிந்துவிட்டது. பத்திரிகைகளும் அப்படியே. பிரெஞ்சு பேசுகிறவர்கள் லக்ஸம்பர்க்கிலிருந்து வந்த தொலைக்காட்சியைப் பார்த்தார்கள், ஃப்ளாண்டர்ஸுக்கு வி.டி.எம். என்ற தனியார் நிலையம் 1989இல் வந்தது. ஆக, ஸோப்பு விற்கிறவன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும், இரண்டு தடவை செலவழிக்க வேண்டும். மக்கள் தொகை இரண்டு கோடிகூட இல்லை. அதிலும் ஒரு நுட்பம்: நெதர்லாந்தில் தயாரான டச்சு விளம்பரத்தை அப்படியே ஃப்ளாண்டர்ஸில் காட்டினால் எடுபடாது. உச்சரிப்பு அந்நியம். குரலை மாற்றிப் பதிவு செய்கிறார்கள்.

எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. 1976இல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியதிலிருந்து நாம் பார்த்து வருவது பெரும்பாலும் பம்பாயில் எடுத்த படங்களை. உதடு ஹிந்தியில் அசைகிறது, குரல் தமிழில் கேட்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். இது மொழிப்பற்றின் புலம்பல் அல்ல. சந்தைக் கணக்குப்படியே பொருந்தாத விஷயம். ஃப்ளாண்டர்ஸ்காரன் ஒரே மொழியின் இன்னொரு உச்சரிப்பை மறுக்கிறான். நாம் வேறு மொழியின் வாயசைவைச் சகித்துக்கொண்டு பொருளையும் வாங்குகிறோம்.

ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஒருவன் கோவளத்தில் வந்து இறங்கினால், அவன் கையிலும் டச்சுக் கோட்டை என்று அச்சிட்ட தாளைத்தான் கொடுப்பார்கள்.