கிள்ளானில் வெட்டிய வாய்க்கால்

நோயாளரைப் பேணுவோர் யாவரும் அருளாளரே என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம் அதனை அவ்வாறே ஒப்புவதற்கில்லை. மருந்துச் செலவும், காய்ச்சலால் வேலைக்கு வராதோர் கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறுவதை அறிந்தவர்கள் நாம். கிள்ளானின் பழங்கதையைச் சற்றே நோக்குவோம்.

1901-ஆம் ஆண்டில் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்தார். அவ்வாண்டே சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. விரைவிலேயே அங்கு மலேரியா மூண்டது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றிற் கண்டு அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. சதுப்பை வடியுங்கள், காட்டை வெட்டுங்கள் என்றார் வாட்சன். அரசாங்கமும் பணம் தந்தது. கூலியின் குளிர்காய்ச்சலுக்கு இரங்கியா தந்தது? கப்பல் நின்றால் வருமானம் நிற்கும் என்றன்றோ தந்தது!

ஆயினும் பலனை மறைத்தல் நேர்மையன்று. கிள்ளான் பட்டணத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த மலேரியா நோயாளர் 1901-இல் 334 பேர்; 1905-இல் 12 பேரே. பிழைத்தவனுக்குத் துரைத்தனத்தாரின் உள்நோக்கத்தால் என்ன குறை? ஆனால், வாசகர்களே, அதே கணக்கின் அடுத்த வரியையும் படித்தல் வேண்டும். மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து வந்தோர் 197-லிருந்து 353 ஆகப் பெருகினர். காட்டை அழித்து ரப்பர் நட்ட இடங்கள் அங்கேதான் இருந்தன. குடியேறியோர் தொகை பெருகியதும் ஒரு காரணமே. எனினும் இலாபம் தெரிந்த எல்லையோடு மண்வெட்டி நின்றுவிட்டதை யார் மறுப்பார்?

தோட்ட முதலாளிகள் பிற்பாடே விழித்தனர். 1910-இல் ஒப்பந்தக் கூலிகளாக ஆளெடுப்பது நின்றது. சாவு மலிந்த தோட்டமென்று பெயர் கெட்டால் கங்காணி எவ்வூரில் ஆள் சேர்ப்பான்? 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரத்திற்கெனச் சட்டமும் வந்தது.

பெரட்டுக்களத்தில் டிரஸ்ஸர் கொயினாவை வாயில் ஊற்றி, விழுங்கும்வரை நின்று பார்ப்பாராம். அது பரிவா, துரைக்குக் காட்ட வேண்டிய கணக்கா என்று, தம் தாயார் சொல்லக் கேட்டிருந்த முதிய அம்மையார் ஒருவரை வினவினோம்.

"காலையில் கணக்குத்தான், கிராணி ஐயா. ஆனால் என் அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறிய இரவில், கூப்பிடாமலே விளக்கை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தாராம். இராத்திரிக்குத் துரை கணக்குக் கேட்பதில்லையே."