வழிப்போக்கருக்கு ஒரு வீடு

நமது கட்டுமாவடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தும் சிகிச்சைக்காகச் சென்னை செல்லும் குடும்பங்களில் சிலர் இப்போது லாட்ஜைத் தேடுவதில்லை. 'சர்வீஸ் அபார்ட்மெண்ட்' எடுத்துத் தங்குகின்றனர். அடுப்பும் பாத்திரங்களும் குளிர்பதனப் பெட்டியும் உள்ள வீடு, நாள் வாடகைக்கு. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சலாம். பெண்கள் பர்தாவைப் பேணலாம். ஹலால் உணவுக்காக அலைய வேண்டியதில்லை. குடும்பத்தோடு ஜமாஅத்தாகத் தொழவும் இடமுண்டு. இதை வீண் ஆடம்பரம் என்று கடிந்துகொள்வோர் உள்ளனர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் தேவை மிகப் பழையது.

பிறர் வீட்டில் அனுமதி பெறாமல் நுழையலாகாது என்ற கட்டளை அருளப்பட்டபோது, ஷாம் தேசத்துச் சாலைகளில் யாரும் நிலையாகக் குடியிராத தங்குமிடங்களின் நிலை என்ன என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் வினவியதாகத் தஃப்ஸீர் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. குடியிருப்போர் இல்லாத, நமக்குப் பயன்தரும் வீடுகளில் நுழைவது குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அனுமதித்தது. விரிவுரையாளர்கள் பலர் இவ்வசனத்திற்குப் பயணியர் விடுதிகளையே எடுத்துக்காட்டினர்.

பதினான்காம் நூற்றாண்டில் மலபார்க் கரை வழியாகச் சென்ற இப்னு பதூதா, அங்குள்ள சாலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அரை மைலுக்கு ஒன்றாக மரத்தாலான மண்டபம், அதில் எல்லாச் சமயத்தாரும் அமரும் திண்ணைகள், அருகே கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள். ஆனால் அந்நாட்டார் முஸ்லிம்களைத் தம் வீட்டினுள் அனுமதிப்பதில்லை. தம் பாத்திரங்களில் உணவளிப்பதும் இல்லை. முஸ்லிம்கள் இல்லாத ஊரில் சமைத்து, வாழையிலையில் இட்டுக் கொடுப்பார்களாம். எனினும் தங்கும் ஊர்தோறும் முஸ்லிம்களின் வீடுகள் இருந்தன. பயணிகள் அங்கே இறங்குவர், வேண்டியதை வாங்குவர், அவ்வீட்டாரே சமைத்துத் தருவர். அவர்கள் இல்லையேல் எந்த முஸ்லிமும் அவ்வழியே பயணம் செய்திருக்க முடியாது என்கிறார் அவர். சமையலறையோடு கூடிய வீடு பயணிக்கு எத்தகைய பேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமது கடற்கரைச் சாலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. வடக்கே சேதுபாவாசத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. தெற்கே மணமேல்குடியிலும் மீமிசலிலும் தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பம் இராமேசுவரப் பயணிகளுக்காகச் சத்திரங்களை நடத்தியது. அவற்றின் மானியங்களைக் காக்க வேண்டி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதம் படிக்கத்தக்கது. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என அழைத்துச் சோறிடுவார்கள். நோயுற்றோருக்கு மருத்துவர், கைக்குழந்தைக்குப் பால், பிரசவித்தவளுக்குப் பராமரிப்பு, இறந்தவருக்கு அவரவர் முறைப்படி இறுதிச் சடங்கு. மாற்றுச் சமயத்தார் செய்த இந்த அறத்தை மனமுவந்து பாராட்டுகிறோம்.

நம்மவரும் பின்தங்கியிருக்கவில்லை. மேல்விஷாரத்து வள்ளல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே முஸ்லிம் பயணிகளுக்கென எழுப்பிய சித்தீக் சராய் அதற்குச் சான்று. வழிப்போக்கருக்காகக் கட்டிய வீட்டின் நன்மை, கட்டியவர் இறந்த பின்னும் அவரைச் சென்றடையும் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. அந்த நன்மையை நாடிய செல்வர்கள் அன்று இருந்தனர்.

இன்று அதே வசதி வாடகைக்கு வந்துவிட்டது. கொடுக்க முடிந்தவர் எடுத்துக்கொள்கிறார். முடியாதவர் மருத்துவமனை வராந்தாவில் பாய் விரிக்கிறார்; அவருடன் வந்த பெண்கள் உளூச் செய்யவும் இடமின்றித் தவிக்கின்றனர். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் வழிப்போக்கரும் ஒருவர் (9:60). ஊரில் வசதி இருந்தும் வெளியூரில் கைப்பொருள் தீர்ந்து நிற்பவரும் அதில் அடங்குவார் என்பர் ஃபுகஹாக்கள். நமது ஊர்களின் ஜமாஅத்துகள் கூடி, சென்னையின் பெரிய மருத்துவமனை ஒன்றின் அருகே ஒரே ஒரு வீட்டை ஆண்டு வாடகைக்கு எடுத்தால் போதும். ஓர் அடுப்பு, நான்கு பாய்கள், சுவரில் கிப்லாவைக் காட்டும் ஓர் அம்புக்குறி. வாடகைக்கும் பொதுச் செலவுக்கும் நன்கொடை நிதி. ஸகாத்தை மட்டும் உரியவர் கையில் தனியே கொடுத்துவிடலாம். சாவியைச் சென்னையில் வேலை பார்க்கும் நம்மூர் இளைஞர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.