வாடகை வீடும் மின்சாரமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் நூற்று முப்பது ஆண்டுகள்

மலாயாவில் மின்சாரம் முதலில் வேலை செய்த இடம் ஈயச் சுரங்கம். 1894-இல் கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில், தொழிலதிபர் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் சுரங்கத்துக்காக ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் தலத்தையும் உருவாக்கியவராகத் தமிழர் நினைவில் நிற்கும் அதே தம்புசாமிப் பிள்ளை, இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் இருக்கிறார். அடுத்த ஆண்டே இரயில்வே துறை தன் நிலையங்களுக்கு மின்விளக்கு போட்டது. 1900-இல் ரவுப் தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. 1905-இல் கோம்பாக் ஆற்று நீர்மின்சாரம் கோலாலம்பூருக்கு வந்தது.

சுரங்கம், இரயில், அரசு அலுவலகம், வசதி படைத்தோர் இல்லம் என்ற வரிசையில் பரவிய மின்சாரம், கூலித் தொழிலாளியின் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அந்த வீடு பெரும்பாலும் அவருக்குச் சொந்தமானதாக இல்லை. முதலாளி கொடுத்ததாகவோ அரசு ஒதுக்கியதாகவோ வாடகைக்கு எடுத்ததாகவோ இருந்தது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரம், மின்சிக்கனம், சூரிய மின்சாரம் ஆகிய மூன்றின் வரலாற்றையும் தீர்மானித்தது இந்த நிலைமைதான்.

குவாட்டர்ஸும் லயமும்

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் அடுத்து வெள்ளமும் அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இருந்த இடத்தில் செங்கல்லும் ஓடும் வரவேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்கான செங்கல் சூளைகள் எழுந்த பகுதியே பிரிக்பீல்ட்ஸ். இரயில்வே பணிமனை அங்கு வந்ததும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் தமிழகத்துத் தொழிலாளர்களும் குடியேறினார்கள். 1905-இல் ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பக்கம் கட்டப்பட்ட நூறு குவாட்டர்ஸ் என்ற குடியிருப்பு, அரசு ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வீடாக இருந்தது. 2010-களின் நடுவில் அது இடிக்கப்பட்டது.

அக்காலக் கட்டடங்கள் மின்சாரத்தை நம்பிக் கட்டப்பட்டவை அல்ல. தடித்த செங்கல் சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். உயர்ந்த கூரையின் கீழ் சூடான காற்று மேலே தங்கிக்கொள்ளும். கதவு, சன்னல்களுக்கு மேலிருந்த துளைகள் அந்தக் காற்றை வெளியேற்றின. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நீண்டு குறுகிய கடைவீடுகளின் நடுவே திறந்த முற்றம் இருந்தது. வெளிச்சத்தையும் காற்றையும் வீட்டின் நடுப்பகுதி வரை கொண்டுவந்தது அது. முன்புறத்து ஐந்தடி நடைபாதை சுவரில் வெயில் நேராகப் படாமல் தடுத்தது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இந்த வசதிகள் இல்லை. பலகைச் சுவரும் துத்தநாகத் தகரக் கூரையும் நண்பகலில் அனலாகக் கொதிக்கும். பல தோட்டங்களில் மின்சாரம் நிர்வாகத்தின் மின்னாக்கியிலிருந்து வந்தது. இரவில் சில மணி நேரம் எரிந்து, குறித்த நேரத்தில் அணைந்துவிடும். அதன்பின் மண்ணெண்ணெய் விளக்குதான். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966-இல் ஒரு சட்டம் வகுத்தது. 1990-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டம் தண்ணீரோடு மின்சாரத்தையும் முதலாளியின் கடமையாக்கியது.

பங்சாரிலிருந்து காப்பார் வரை

1920-களின் பிற்பகுதியில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலேயே பங்சார் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரி இரயிலில் வந்து அங்கு எரிந்தது. 1949 செப்டம்பர் 1-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1953-இல் கிள்ளானுக்கு அருகே கன்னாட் பாலம் மின்நிலையம் திறக்கப்பட்டது. 1965-இல் வாரியம் தேசிய மின்சார வாரியமானது. 1990 செப்டம்பர் 1-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் இன்றும் பங்சாரில்தான் இருக்கிறது. 1980-களில் காப்பாரில் எழுந்த சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின்நிலையம் 2,420 மெகாவாட் திறன் வரை வளர்ந்து, நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் மூன்றையும் எரிக்கக்கூடியதாக அமைந்தது. நகரத்தின் ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் எரிபொருளும் அதன் புகையும் இருந்தன. அந்தப் புகைபோக்கிகளின் அருகே வாழ்ந்தவர்களில் கணிசமானோர் தமிழ்த் தொழிலாளர்கள்.

வாடகைக் கட்டுப்பாட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரத்தில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமல் பிடித்து வைத்தது. பழைய கடைவீடுகளின் மாடி அறைகளில் எளிய குடும்பங்கள் நகர மையத்திலேயே வாழ முடிந்தது இச்சட்டத்தால்தான். ஆனால் மிகக் குறைந்த வாடகை வாங்கிய உரிமையாளர் கூரையையும் மின்கம்பிகளையும் புதுப்பிக்கச் செலவிட முன்வரவில்லை. வீடு தன்னுடையதல்ல என்பதால் குடியிருப்பவரும் செலவிடவில்லை. 1997-இல் சட்டம் நீக்கப்பட்டது, இடைக்கால ஏற்பாடு 1999 இறுதியில் முடிந்தது. பல பழைய கட்டடங்கள் கைமாறின. திறந்த முற்றங்கள் மூடப்பட்டன, அவற்றின் இடத்தைக் குளிர்சாதனங்கள் பிடித்தன.

அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. வெளியேறிய குடும்பங்கள் கிள்ளான், பூச்சோங், பந்தாய் பகுதிகளின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கு வந்தன. அங்கு மீட்டர் உள்ள வீட்டிலிருந்து கம்பி இழுத்து விளக்கெரித்த குடும்பங்களும் உண்டு. 1998 முதல் மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் கீழ் பிபிஆர் அடுக்குமாடிகள் எழுந்தன. கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் பிபிஆர் வீட்டுக்கு மாத வாடகை 124 ரிங்கிட். பதினேழு, பதினெட்டு மாடிகள் கொண்ட ஒரே பிளாக்கில் 300-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கும். அத்தனை வீடுகளுக்கும் மேலே ஒரே கூரை, அதுவும் மாநகர மன்றத்துக்குச் சொந்தம்.

கட்டணமும் சிக்கனமும்

இன்றைய வாடகை ஒப்பந்தத்தில் மின்சாரத்துக்குத் தனி இடம் உண்டு. குடிபுகுமுன் இரண்டு மாத வாடகை முன்பணமாகவும், முதல் மாத வாடகையும், மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகை வைப்புத்தொகையாகவும் கட்டுவது கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்கம். அறை வாடகை விடும் சில வீடுகளில் குளிர்சாதனத்துக்கென்று முன்பண மீட்டர் வைத்திருக்கிறார்கள். பணம் தீர்ந்தால் இயந்திரம் நின்றுவிடும்.

2014 முதல் பதினோரு ஆண்டுகள் நடப்பிலிருந்த வீட்டு மின்கட்டணம் படிநிலையில் ஏறுவதாக இருந்தது. முதல் 200 யூனிட்டுக்குத் தலா 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், அதற்கடுத்த 300-க்கு 51.6 சென். 300 யூனிட் எரித்த வீட்டுக்கு 77 ரிங்கிட். அதன் இருமடங்கு, 600 யூனிட் எரித்த வீட்டுக்கு 231 ரிங்கிட் 80 சென், அதாவது மும்மடங்கு. சிறு குடும்பம் சிக்கனமாக இருந்தால் இம்முறை அதற்குக் கைகொடுத்தது. ஆனால் ஒரே மீட்டரின் கீழ் ஆறேழு பேர் பகிர்ந்து வாழும் வாடகை வீட்டில், ஒவ்வொருவரும் குறைவாகப் பயன்படுத்தினாலும் மொத்தக் கணக்கு உயர்ந்த படிக்குப் போய்விடும். 2025 ஜூலை முதல் படிநிலை நீக்கப்பட்டு, மின் உற்பத்தி, கொள்ளளவு, வலையமைப்பு எனக் கூறுபிரித்த கட்டணம் வந்தது. 1,000 யூனிட் வரை பயன்படுத்துவோருக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் சேரும்.

இந்த எல்லைகளுக்குள் ஒரு குடும்பம் நிற்பதா தாண்டுவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது குளிர்சாதனம். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட் எடுக்கும். 70 வாட் கூரை விசிறி அதே முக்கால் யூனிட்டில் பத்து மணி நேரத்துக்கு மேல் சுழலும். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை எல்இடி விளக்கு பத்து வாட்டுக்குள் தந்துவிடுகிறது. எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையும், 2013 மே மாதம் குளிர்பதனப் பெட்டி, குளிர்சாதனம், தொலைக்காட்சி, விசிறி, விளக்கு ஆகிய ஐந்து வகைச் சாதனங்களுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சத் திறன் தரமும் சந்தையில் கிடைக்கும் பொருளின் தரத்தை உயர்த்தின. விளக்கும் விசிறியும் வாடகைக்காரர் வாங்கலாம், வீடு மாறும்போது எடுத்துச் செல்லலாம். பல வீடுகளில் உரிமையாளரே மாட்டி வைத்திருக்கும் பழைய குளிர்சாதனத்தை மாற்ற வாடகைக்காரருக்கு உரிமையில்லை. அதற்கான மின்கட்டணம் மட்டும் அவருடையது.

கூரைக்கு வந்த சூரியன்

பொது மின்வலையமைப்போடு இணைந்த சூரிய மின்தகடுகளை மலேசியா 1998-இல் தெனாகாவின் சோதனைத் திட்டமாகத் தொடங்கியது. 2005 முதல் 2010 வரை நடந்த தேசியத் திட்டத்தின் ஒரு பகுதியான சூரியா 1000, வீட்டு உரிமையாளர்களை ஏலத்துக்கு அழைத்து மானியம் கொடுத்தது. 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது, அதைச் செயல்படுத்த செடா என்ற ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் வீட்டுக் கூரையின் மின்சாரத்தை நிர்ணயித்த விலைக்கு வாங்கும் முறை தொடங்கியது. தொடக்கத்தில் 4 கிலோவாட்டுக்கு உட்பட்ட அமைப்புகளுக்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 23 சென், ஒப்பந்தம் 21 ஆண்டு.

இதற்கான பணம் மின்கட்டணத்தின் மேல் விதித்த கூடுதல் வரியிலிருந்து வந்தது. முதலில் ஒரு விழுக்காடு, 2014 முதல் 1.6 விழுக்காடு. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கு விலக்கு உண்டு. ஏழைகளைக் காக்கும் நோக்கம் இதில் தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் பலர் பகிர்ந்து வாழும் வாடகை வீடு 300-ஐ எளிதில் தாண்டியது. சொந்தக் கூரை இல்லாத குடியிருப்பாளர் இந்த வரியைக் கொடுத்தார், கூரை உள்ளவர் அதிலிருந்து வருமானம் பெற்றார்.

2016-இல் நிகர அளவீட்டு முறை வந்தது. 2019 முதல் வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிவு கிடைத்தது. 2021-இல் தொடங்கிய மூன்றாம் கட்டம் 2025 ஜூன் 30-இல் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் சோலார் அத்தாப் என்ற திட்டம் நடப்புக்கு வந்தது. தகடுகளின் விலையும் வெகுவாகச் சரிந்தது. பெட்டாலிங் ஜெயா, சுபாங், கிள்ளான் பகுதிகளின் வரிசை வீடுகளில் நீலத்தகடுகள் இன்று சாதாரணக் காட்சி.

அவற்றில் வாடகைக்காரர் போட்டது அரிது. காரணம் கணக்கில் இருக்கிறது. கோலாலம்பூர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். 4 கிலோவாட் அமைப்பு மாதத்துக்குச் சுமார் 400 யூனிட் தரும். போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். வாடகை ஒப்பந்தமோ வழக்கமாக ஓராண்டு, இரண்டாண்டு. தகடு போட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அடுக்குமாடியானால் கூரை 1985-ஆம் ஆண்டு அடுக்குவீட்டு உரிமைச் சட்டத்தின்படி பொதுச்சொத்து, நிர்வாகக் கழகத்தின் இசைவு வேண்டும். உரிமையாளரே போடலாம் என்றால், செலவு அவருடையது, குறையும் கட்டணம் குடியிருப்பவருடையது. வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கூரையைப் பழுதுபார்க்க விடாத அதே முடிச்சு இங்கும் இருக்கிறது.

ஜெர்மனியில் வாடகைக்காரர்கள் பால்கனிக் கம்பியில் சிறு தகடு மாட்டிச் சுவர்ச் செருகியில் இணைக்கிறார்கள். 2024-இல் அதற்கான எல்லை 800 வாட்டாக உயர்ந்தது, உரிமையாளர் காரணமின்றி மறுக்க முடியாதபடி சட்டமும் திருத்தப்பட்டது. கோலாலம்பூருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஜெர்மனியில் சூரியன் தாழ்வாக நிற்பதால் செங்குத்தான பால்கனித் தகட்டில் ஒளி நன்றாக விழும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே உள்ள கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு மேல் செல்கிறது. வெயிலின் பெரும்பங்கு கூரைக்கே போகிறது, பால்கனிக்குக் காலையிலோ மாலையிலோ அரைநாள் வெயில்தான். இங்கு பால்கனித் தகடும் பேட்டரியும் கைப்பேசிக்கும் ஒன்றிரண்டு விளக்குக்கும் போதும், வீட்டுக்குப் போதாது.

ஆகவே இந்நகரத்து வாடகைக்காரருக்குச் சூரிய மின்சாரம் கிடைக்க வேண்டுமானால், பொதுக்கூரையில் விளையும் மின்சாரத்தைக் கீழே வாழ்வோரின் கணக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வழி. வீட்டுக் கூரைகளை வாடகைக்கு எடுத்துத் திரட்டி, அருகிலுள்ள பயனீட்டாளர்களுக்கு வழங்கும் கிரீம் திட்டத்தை அரசு 2025-இல் அறிவித்தது. அந்தத் திசையில் அது முதல் அடி. பதினெட்டு மாடிக் கூரை 300 வீடுகளின் முழுத் தேவையையும் நிறைவு செய்யாது. மின்தூக்கிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் படிக்கட்டு விளக்குக்கும் அது தரும் மின்சாரம், அந்தச் செலவைச் சுமக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும். வீட்டு வாடகைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரும் பேச்சு மலேசியாவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அச்சட்டம் வரும்போது முன்பணம், வெளியேற்றம் ஆகியவற்றோடு கூரைக்கும் குளிர்சாதனத்துக்கும் யார் பொறுப்பு என்பதையும் அது சொல்ல வேண்டும். மின்கட்டணம் செலுத்துபவருக்கு மின்சாரத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையில் பங்கு கிடைத்தால்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிக்கனமும் சூரியனும் எல்லாருக்கும் பொதுவாகும்.