ரெண்டு ரூபாய் கொடுத்த தயாரிப்பாளர்கள்

மடத்துக்குளத்தில் ஒரு டீக்கடை. விடிந்தும் விடியாத நேரம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகிற வேனுக்காக நின்றிருந்த பையன் ஒருவன் பேச்சுக்கொடுத்தான். செல்போனில் தானே எடுத்த குறும்படத்தைக் காட்டினான். பன்னிரண்டு நிமிஷம். ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவன் அம்மாதான் கதாநாயகி.

''நல்லாருக்குதுங்களாண்ணா?''

நன்றாகத்தான் இருந்தது. சொன்னேன். அடுத்த கேள்வி உடனே வந்தது. ''பெரிய படம் எடுக்கோணுங்கண்ணா. கவர்மென்ட்டுல பணம் குடுக்கறாங்கங்கறாங்களே... நெசந்தானுங்களா?''

பதில் சொல்வதற்குள் வேன் வந்துவிட்டது. நிஜம்தான். ஆனால், அந்த நிஜத்துக்குப் பின்னால் எழுபத்தைந்து வருடக் கதை இருக்கிறது. அவனிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன்.

1949-ல் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர், எஸ்.கே.பாட்டீல். இந்திய சினிமா எப்படி நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பது வேலை. 1951-ல் அறிக்கை தந்தார்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் படம் எடுப்பவன், கடன் கொடுத்தவன் சொல்கிற படத்தைத்தான் எடுப்பான்; எனவே சினிமாவுக்குக் கடன் தர அரசே ஒரு நிறுவனம் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான யோசனைகளில் ஒன்று.

நல்ல யோசனை. நடைமுறைக்கு வர ஒன்பது வருடம் பிடித்தது!

அந்த ஒன்பது வருட இடைவெளியில்தான் கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனி ஊழியர் படமெடுக்கக் கிளம்பினார். இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். ஆசை ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகளும் போயின. அப்படியும் படம் பாதியில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க முதல்வர் பி.சி.ராய் மனசு வைத்தார். படத்தின் பெயரில் 'பாதை' இருந்ததால், கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை சாலை மேம்பாட்டுச் செலவாக ஏறியது என்று சொல்வார்கள்! 1955-ல் படம் வெளியானது. 'பதேர் பாஞ்சாலி'. எடுத்தவர் சத்யஜித் ராய். லாபம் அரசாங்கத்துக்குப் போனது, பெயர் உலகமெங்கும் போனது.

1960-ல் ஒருவழியாக திரைப்பட நிதிக் கழகம் பிறந்தது. அதே காலகட்டத்தில் மடத்துக்குளம் பக்கத்திலும் ஒன்று பிறந்தது. கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்பு விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டு உறுப்பினர் ஆனார்கள். தனியாளாக எவராலும் கட்ட முடியாத ஆலையை ஊர் கூடிக் கட்டிவிட்டது. இந்த ஆலையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

நிதிக் கழகம் கொடுத்தது கடன். மானியம் இல்லை. வாங்கினால் வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். ஆரம்ப வருடங்களில் ஏற்கெனவே பெயரெடுத்தவர்கள் பக்கமே பணம் போனது. அறுபதுகளின் கடைசியில்தான் 'சின்ன பட்ஜெட், புது ஆள்' என்று பாதை மாறியது. 1969-ல் மிருணாள் சென் அந்தக் கடனில் 'புவன் ஷோம்' எடுத்தார். மணி கௌல் 'உஸ்கி ரோட்டி' எடுத்தார். இந்தியில் புதிய அலை என்று ஒன்று புறப்பட்டதற்கு இந்தச் சின்னக் கடன்கள் பெரிய காரணம்.

1975-ல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் வந்தது. சுருக்கமாக என்.எஃப்.டி.சி. 1980-ல் பழைய நிதிக் கழகம் அதில் கரைந்தது. தமிழுக்கு அதனால் கிடைத்த பெரிய லாபம், கே.எஸ்.சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்'. 1990-ம் ஆண்டுக்கான சிறந்த இந்தியப் படம் என்று தங்கத் தாமரை வாங்கியது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுதான்! சரி, அதைத் தியேட்டரில் பார்த்தவர் எத்தனை பேர்? உங்களுக்குத் தெரிந்தவர்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் சிக்கல். அரசாங்கம் படம் எடுக்கப் பணம் கொடுத்தது. எடுத்த படத்தை ஜனங்களிடம் கொண்டுசேர்க்கிற வேலையை யாரும் சரியாக எடுத்துச் செய்யவில்லை. பெட்டி டெல்லிக்குப் போகும், விருது வாங்கும், திரும்பிவந்து தூங்கும்.

இப்போது சர்க்கரை ஆலைக்கு வருவோம்.

ஊர் கூடி ஆலை கட்ட முடியுமென்றால், ஊர் கூடிப் படம் எடுக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் குஜராத் பால்காரர்கள். வர்கீஸ் குரியனின் யோசனை. கூட்டுறவுச் சங்கத்தில் இருந்த ஐந்து லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். பத்து லட்சம் சேர்ந்தது. ஷியாம் பெனகல் இயக்க, 1976-ல் 'மந்தன்' தயார். கேட்க வேண்டிய சங்கதி அதற்கு அப்புறம் நடந்தது. பணம் போட்ட விவசாயிகள் லாரி பிடித்துக் குடும்பத்தோடு 'எங்க படம்' பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்! ஐந்து லட்சம் தயாரிப்பாளர்கள் என்றால் ஐந்து லட்சம் ரசிகர்களும் கையோடு ரெடி.

தமிழிலும் ஒருவர் இருந்தார். ஜெயபாரதி. எழுத்தாளர்கள் து.ராமமூர்த்தி, சரோஜா ராமமூர்த்தி தம்பதியின் மகன். பொதுமக்களிடம் கையேந்தித் திரட்டிய பணத்தில் 'குடிசை' எடுத்தார். 1979-ல் வந்தது. இன்றைக்கு 'கிரவுட் ஃபண்டிங்' என்று ஸ்டைலாகச் சொல்கிறோமே, அந்த வார்த்தை இங்கே வருவதற்குப் பல வருடம் முன்னாலேயே அதைச் செய்துவிட்டவர். வாழ்நாள் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான் எடுத்தார். வளைந்து கொடுக்கவில்லை. 2024 டிசம்பரில் மறைந்தார்.

தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார். 1984-ல் நண்பர்களோடு 'ஒடேஸா' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சாப்ளின் படம் திரையிட்டு, நாடகம் போட்டு, சில்லறை சேர்த்து எடுத்ததுதான் 'அம்ம அறியான்'. 1986-ல் முடிந்தது. முடிந்த படத்தைத் தூக்கிக்கொண்டு பணம் கொடுத்த ஊர்களுக்கே மறுபடி போய் இலவசமாகக் காட்டினார்கள். வாங்கிய காசுக்கு வட்டி, அந்தத் திரையிடல்தான்.

கடைசியாக, நம்ம ஊர்க் கதை.

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் வறுமை துரத்தப் பதின்வயதிலேயே திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தான். பின்னாளில் சென்னை போய் ஒரு டி.வி.டி. கடையில் வேலை பார்த்தான். விற்க வேண்டிய உலக சினிமாவை முதலில் தான் பார்த்தான். பெயர் பி.எஸ்.வினோத்ராஜ். தன் குடும்பத்தில் நடந்த ஒரு துயரத்தை வைத்து 'கூழாங்கல்' எடுத்தார். படம் முழுசாக முடியாத நிலையில் கோவாவில் என்.எஃப்.டி.சி. நடத்தும் திரைப்படச் சந்தைக்குப் போனது. அங்கே இயக்குநர் ராம் பார்த்தார். அவர் வழியாக நயன்தாரா, விக்னேஷ் சிவனின் நிறுவனம் கைகொடுத்தது. 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது. 40,000 யூரோ! ஒரு தமிழ்ப்படம் அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

கவனித்தீர்களா? கோவா சந்தை அவருக்குக் கொடுத்த பெரிய உதவி, பாதிப் படத்தைச் சரியான கண்கள் பார்க்கும்படி வைத்ததுதான்.

ஆக, தம்பி... கதவுகள் இருக்கின்றன. என்.எஃப்.டி.சி. இருக்கிறது. ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் இயக்குநர்களுக்குக் கைகொடுத்து வருகிறது. திரைக்கதை எழுதும் கட்டத்திலேயே உதவுவார்கள். தமிழக அரசும் சிறு முதலீட்டுத் தரமான படங்களுக்கு 7 லட்ச ரூபாய் மானியம் தந்திருக்கிறது. ஆனால், அது படத்தை முடித்தவருக்குத்தான். தொடங்குகிறவருக்கு இல்லை. அதை நம்பிக் கடன் வாங்கிவிடாதே. எந்தக் கதவைத் தட்டினாலும், இது கடனா மானியமா, எப்போது கைக்கு வரும் என்று முதலில் கேட்டுவிடு.

அதற்கு முன்னால், அந்தப் பன்னிரண்டு நிமிஷப் படத்தை உன் லைனில் வேலை பார்க்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவரில் வேட்டி கட்டியாவது போட்டுக் காட்டு. அடுத்த படத்துக்கு ஆளுக்கு ரெண்டு ரூபாய் அவர்களே தருவார்கள். இன்றைய விலைவாசிக்கு இருநூறு என்று வைத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு முதல் வரிசையில் சேர் போட்டுவிடு. ஹீரோயின் இல்லையா!