தசைநாண் காயங்களுக்கான ஊசி மருத்துவத்தின் வரலாறு

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்ப்பட்டை தசைநாண் எனப்படும். முழங்கை, தோள்பட்டை, குதிகால் போன்ற இடங்களில் உள்ள தசைநாண்கள் ஓயாத வேலையாலும் விளையாட்டாலும் நைந்து வலி தருகின்றன. அறுவை சிகிச்சையின்றி, ஊசி மூலம் இவற்றைக் குணப்படுத்தும் முயற்சி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. வலியைக் குறைப்பதும் காயத்தை ஆற்றுவதும் ஒன்றல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கார்ட்டிசோனின் வருகை

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்கச் சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களிலேயே அவர் எளிதாக நடக்கத் தொடங்கினார். இம்மருந்து பற்றிய ஆய்வுகளுக்காக ஹென்ச், எட்வர்ட் கெண்டல், தாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோர் 1950-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். 1951-இல் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை நேரடியாக மூட்டுக்குள் செலுத்தும் முறையை வெளியிட்டார். விரைவில் இம்முறை தசைநாண் வலிக்கும் பரவியது. அவ்வலிக்கு அழற்சியே காரணம் என்று அன்று நம்பப்பட்டதால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு பொருத்தமான மருந்தாகத் தோன்றியது.

நம்பிக்கையில் விழுந்த விரிசல்

1979-இல் ராபர்ட் நிர்ஷ்ல், ஃபிராங்க் பெட்ரோன் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள், ‘டென்னிஸ் எல்போ’ எனப்படும் முழங்கை வலிக்கு அறுவை செய்தபோது எடுத்த திசுக்களை ஆராய்ந்து தம் முடிவுகளை வெளியிட்டனர். அத்திசுக்களில் அழற்சிக்குரிய உயிரணுக்கள் அரிதாகவே இருந்தன. மாறாக, ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகளும் முதிராத இரத்த நாளங்களும் காணப்பட்டன. எனவே, நாள்பட்ட தசைநாண் வலியை அழற்சி என்பதைவிடச் சிதைவு என்பதே சரி என்ற கருத்து வலுப்பெற்றது.

2002-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, முழங்கை வலியுள்ள 185 பேரை மூன்று பிரிவுகளாக்கியது. ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர். இயன்முறை மருத்துவம் பெற்றோரில் 47, சிகிச்சையின்றிக் காத்திருந்தோரில் 32 விழுக்காட்டினரே தேறியிருந்தனர். ஓராண்டு முடிவில் வரிசை தலைகீழானது: ஊசி 69, இயன்முறை 91, காத்திருத்தல் 83. முதலில் முந்தியவர்களில் பலருக்கு வலி திரும்பியிருந்தது. 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலும் ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசி பின்தங்கியது.

ஆற்றும் ஊசியைத் தேடி

அடக்குவதற்குப் பதிலாகத் தூண்டுவது மற்றொரு வழி. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஹாக்கெட், எரிச்சலூட்டும் கரைசலைச் செலுத்தி உடலின் ஆற்றும் திறனைக் கிளறிவிடும் ‘புரோலோதெரபி’ முறையைப் பற்றி 1956-இல் நூல் வெளியிட்டார். இன்று இதற்குப் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோஸ் எனும் சர்க்கரைக் கரைசலே பயன்படுகிறது.

அடுத்து வந்தது பி.ஆர்.பி. ஊசி. நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவை மட்டும் காயத்தில் செலுத்துவதே இம்முறை. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் திசுவைச் சீராக்கும் என்பது எதிர்பார்ப்பு. 2006-இல் ஆலன் மிஷ்ரா வெளியிட்ட முழங்கை ஆய்வு பெரும் ஆர்வத்தைக் கிளப்பியது. ஆனால் அதில் இடம்பெற்றவர்கள் 20 பேர். ஒப்பீட்டுக்குழுவில் ஐவரே இருந்தனர்.

2010-இல் நெதர்லாந்தில் குதிகால் தசைநாண் வலியுள்ள 54 பேரிடம் பி.ஆர்.பி. ஊசியும் வெறும் உப்புநீர் ஊசியும் ஒப்பிடப்பட்டன. இரு பிரிவினரும் தேறினர். இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2021-இல் பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த ஆய்வும், போலி ஊசியைவிட இது மேலானதன்று என்றே கண்டது.

இன்றைய நிலை

1998-இல் சுவீடனின் ஹாகன் ஆல்ஃபிரெட்சன், கெண்டைக்காலுக்குப் படிப்படியாகப் பளு ஏற்றும் 12 வாரப் பயிற்சியால் குதிகால் வலி நீங்கிய 15 பேரைப் பற்றி எழுதினார். இத்தகைய பயிற்சியே இன்று சிகிச்சையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. ஊசிகள் துணை நிலையிலேயே உள்ளன.

தசைநாண் மெதுவாக ஆறும் திசு. காத்திருந்தவர்களும் பெரும்பாலும் தேறினார்கள் என்பதை மேற்கண்ட எண்கள் உணர்த்துகின்றன. ஆகவே எந்தப் புதிய ஊசியையும் இரு கேள்விகளால் மதிப்பிட வேண்டும்: எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார்கள்?