ஒளிநாடாப் பதிவுக்கருவியும் பழுதுநீக்கும் அறிவும்: ஒரு தொழில்நுட்ப வரலாற்றுப் பார்வை

ஆய்வுச்சுருக்கம்

வீ.எச்.எஸ். ஒளிநாடாக் கருவியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பு, சந்தைப்போட்டி என்னும் இரு நிலைகளிலேயே பேசப்படுகிறது. பழுதுநீக்கும் அறிவும் அவ்வரலாற்றின் பகுதி என்பதையும், அவ்வறிவு மறையுமானால் நாடாக்களில் உள்ள சான்றுகளும் படிக்க இயலாதவையாகும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிநாடா, வீ.எச்.எஸ்., காந்தப் பதிவு, பழுதுநீக்கம், ஆவணப் பாதுகாப்பு.

முன்னுரை

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்திய ஒளிநாடாப் பதிவுக்கருவி, இரண்டு அங்குல அகல நாடாவில் இயங்கியது. அதன் அளவும் விலையும் தொலைக்காட்சி நிலையங்களுக்கே பொருந்தின. ஜப்பானில் சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமேக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வீ.எச்.எஸ். முறையையும் வீட்டுப் பயன்பாட்டிற்கென வெளியிட்டன. பிற நிறுவனங்களும் வீ.எச்.எஸ். கருவிகளை உருவாக்க ஜே.வி.சி. இடமளித்தமை, அம்முறை உலகெங்கும் பரவியதற்கான காரணங்களுள் ஒன்றாகும். தமிழ்நாட்டில் 'டெக்' என மக்கள் வழங்கியது இவ்வகைக் கருவியையே. திருமணப் பதிவுகள் முதல் பொதுக்கூட்ட உரைகள் வரை பலவும் இந்நாடாக்களில் பதிவாயின.

கருவியின் அமைப்பும் பழுதின் குறிகளும்

வீ.எச்.எஸ். கருவியில் 62 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று சாய்வாகச் சுழல்கிறது. பால் ஒளிபரப்பு முறையில் அது நொடிக்கு 25 முறை சுற்றும். நாடாவோ நொடிக்கு ஏறத்தாழ 23.4 மி.மீ. மட்டுமே நகரும். உருளையில் பொருத்தப்பட்ட காந்தத் தலைகள் நாடாவின் மீது சாய்வான தடங்களை வரைகின்றன. ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ 0.05 மி.மீ. ஆகும். ஒலித்தடம் நாடாவின் மேல் விளிம்பிலும், கட்டுப்பாட்டுத் தடம் கீழ் விளிம்பிலும் அமைகின்றன.

இந்நுண்மையின் காரணமாகப் பழுதுநீக்குவோர் திரையையே முதற்சான்றாகக் கொண்டனர். ஒலி தெளிவாக இருக்கப் படம் மட்டும் புள்ளிமழையாகத் தெரிந்தால் காந்தத் தலையில் அழுக்குப் படிந்திருக்கலாம். திரையின் மேற்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ மட்டும் கோடுகள் நிலைத்து நின்றால், நாடாவை உருளையின் மீது செலுத்தும் வழிகாட்டிகளின் உயரம் பிறழ்ந்திருக்கலாம். நாடா கசங்கினாலோ ஒலி அலைந்தாலோ ரப்பர் அழுத்த உருளை தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. குறியிலிருந்து காரணத்தை உய்த்துணரும் இம்முறை மருத்துவரின் நோய்நாடலை ஒத்தது.

திருத்தமும் பிறழ்வும்

வழிகாட்டிகளைச் சரிசெய்ய உற்பத்தியாளர்கள் அளவீட்டு நாடாக்களை வழங்கினர். அவற்றை ஓடவிட்டு, அலைவுகாட்டியில் தெரியும் சைகை சீராகும் வரை வழிகாட்டிகளைத் திருகுவது வழக்கம். இதனால் ஒரு கருவியில் பதிந்ததை மற்றொன்றில் காண முடிந்தது.

எனினும் இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. வழிகாட்டி பிறழ்ந்த கருவியில் பதிவான நாடாவில் அப்பிறழ்வும் சேர்ந்தே பதிவாகிறது. அந்நாடா அதே கருவியில் தெளிவாக ஓடும்; செம்மையாகத் திருத்தப்பட்ட கருவியில் கோடுகளுடன் தோன்றும். 'டிராக்கிங்' திருகு தலைக்கும் தடத்திற்கும் இடையிலான கால இசைவையே மாற்றும். வழிகாட்டியின் உயரப் பிறழ்வை அது முழுமையாக ஈடுசெய்யாது. எனவே அத்தகைய நாடாவைப் படிக்க, திருத்தமான கருவியையே வேண்டுமென்று தற்காலிகமாகப் பிறழச் செய்ய வேண்டியுள்ளது. ஏடெழுதியவரின் கைவழக்கை அறிந்து சுவடியைப் படிக்கும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது நிகரானது எனலாம்.

உற்பத்தியின் முடிவும் ஆவணங்களின் நிலையும்

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீ.எச்.எஸ். கருவி உற்பத்தியை நிறுத்தியது. விற்பனைச் சரிவுடன், உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதானதும் காரணமாகக் கூறப்பட்டது. இன்று பழைய கருவி ஒன்றைச் சீராக்க மற்றொரு பழைய கருவியின் பாகங்களே பெரும்பாலும் துணையாகின்றன. ரப்பர் பாகங்கள் பயன்படுத்தப்படாத நிலையிலும் இறுகிப்போகின்றன. ஈரப்பதம் மிக்க பகுதிகளில் நாடாக்களில் பூஞ்சை படர்கிறது. அத்தகைய நாடாவைத் தூய்மை செய்யாது ஓடவிட்டால் காந்தத் தலையும் மாசடையும்; அடுத்து ஓடும் நாடாவிற்கும் அது தொற்றும்.

முடிவுரை

நாடாவைப் பாதுகாப்பதால் மட்டும் அதிலுள்ள சான்று பாதுகாக்கப்படுவதில்லை. நாடா, கருவி, கருவியைச் சீராக்கும் கை ஆகிய மூன்றும் ஒருங்கே இருக்கும் வரையே அது ஆவணமாகும். இவற்றுள் பணிமனைக் கையேடுகளில் முழுமையாக இடம்பெறாதது மூன்றாவதே. ஆகவே, ஒளிநாடாக்களை எண்ணிம வடிவிற்கு மாற்றும் முயற்சிகள், மூத்த பழுதுநீக்குநர்களின் செயலறிவை வாய்மொழி வரலாறாகவும் செய்முறைப் பதிவாகவும் திரட்டுவதையும் தம் பணியின் பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.